எழுபத்து நான்கு புள்ளி இரண்டு

காலை ஏழே காலுக்கு அந்தக் குறுகிய தெருவில் ஒரு ஹாரன் அலறியது. கார் ஹாரன் இல்லை. ஐம்பத்திரண்டு பேர் உட்காருகிற பஸ்ஸின் ஹாரன். ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. மேஜைமேல் இருந்த டம்ளர் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழும்பியது. எதிர்வீட்டு நாய் பதிலுக்குக் குரைக்க ஆரம்பித்து, தன் குரல் தனக்கே கேட்காததால் பாதியில் நிறுத்திக்கொண்டது.

தராசுக்காரர் அப்போது வாயில் முட்டைத் துண்டோடு பத்தொன்பதாவது மெல்லலில் இருந்தார். இருபத்தைந்து முறை மெல்லாமல் அவர் எதையும் விழுங்குவதில்லை. விழுங்கினால், டாக்டர் வெட்டித் தைத்து ஒரு வாழைப்பழ அளவுக்கு விட்டுவைத்திருக்கும் இரைப்பை உடனே முறுக்கிக்கொள்ளும். அதனால் தெருவில் இடியே விழுந்தாலும், இன்னும் ஆறு பாக்கி இருக்கிறது என்று கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"உங்க அக்கா வந்திருக்காங்க" என்றாள் மனைவி, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே.

இருபது.

"பஸ்ஸோட வந்திருக்காங்க."

இருபத்தொன்று.

"தெருவையே அடைச்சு நிறுத்தியாச்சு. பின்னாடி ஒரு வேன்காரர் இறங்கி நின்னு கையை ஆட்டுறார். நீங்க நிதானமா மெல்லுங்க, ஒண்ணும் அவசரமில்லை."

அக்கா ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் பஸ் ஓட்டுகிறவள். இரவு ஷிஃப்ட் முடிந்த ஆட்களை அவரவர் தெருமுனையில் இறக்கிவிட்டு, காலி பஸ்ஸை டிப்போவில் ஒப்படைப்பது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு முன்பு ஒரு காலையில் சிக்னலில் பச்சை விழுந்தது, மறுபடி சிவப்பு விழுந்தது, மறுபடி பச்சையும் விழுந்தது, பஸ் மட்டும் நகரவில்லை. அக்கா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒழுங்காக உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்த ஐம்பது பேரும் தூங்கிக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர் இறங்கி வந்து கதவைத் தட்டி எழுப்பினார்.

கம்பெனி டாக்டர் பரிசோதித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். எடை கூடியதால் தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறது, வீட்டில் எவ்வளவு தூங்கினாலும் அது தூக்கமாகச் சேராது, எடை குறைந்தால் சரியாகும். குறைக்க வழி பார்க்காவிட்டால் இந்த மாதக் கடைசியோடு ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. அக்கா வாயைக் கட்டிப் பார்த்தாள், நடந்து பார்த்தாள், எடை குறைக்கும் என்று விற்ற மாவைக் கரைத்துக் குடித்துப் பார்த்தாள். இறங்கிய நாலு கிலோ ஐந்தாகத் திரும்பி வந்தது. மிச்சம் இருந்தது ஒரே வழி. தம்பி போன வழி, இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன்.

அந்த வழியில் அவள் எப்போதோ போயிருக்கலாம். ஆனால் தம்பி ஆபரேஷனுக்குப் போன அன்றைக்கே சொல்லிவிட்டாள்: "நீ முதல்ல போ. இறக்கிறது பெரிய விஷயமில்லை, ஊர்ல எல்லாரும் இறக்குறாங்க. ரெண்டு வருஷம் அதை வச்சிருக்கியான்னு பார்க்கிறேன். அப்புறம் நான்." அந்த இரண்டு வருஷம் இந்த வாரத்தோடு முடிகிறது.

இருபத்தைந்து. தராசுக்காரர் விழுங்கிவிட்டு எழுந்தபோது அக்கா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். காக்கிச் சட்டை, கழுத்தில் துண்டு, கையில் பஸ் சாவி.

"என்னடா, முட்டையை எண்ணி முடிச்சியா?"

"வாக்கா. உட்காரு."

"உட்காரத்தான் நேரமில்லை. ஏழரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் பொண்ணு போன் பண்ணுவா. வர்ற புதன்கிழமைக்கு எனக்கு இடம் இருக்காம். வர்றேன், இல்லை வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லணும். சொல்லலைன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவா. அப்புறம் ரெண்டு மாசம் காத்திருக்கணும், அதுக்குள்ள என் பஸ்ஸை வேற எவனாவது ஓட்டிக்கிட்டிருப்பான்."

"டீ போடட்டுமா அண்ணி?" என்று கேட்டாள் மனைவி.

"வேணாம்மா. முதல்ல இவனைத் தராசுல ஏத்து. போன்ல மாசாமாசம் சொல்றான். நான் ஒரு தடவை என் கண்ணால பார்க்கணும்."

தராசுக்காரரின் நெஞ்சு கொஞ்சம் விரிந்தது. இதற்காகத்தானே அவர் காத்திருந்தார்? ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலையில் அக்காவுக்குப் போன் செய்து, "எழுபத்து நாலு புள்ளி ரெண்டுக்கா" என்பார். பத்து மாதமாக அதே எண். ஒவ்வொரு முறையும் அக்கா, "சரிடா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவாள். பாராட்டினதே இல்லை. ஒருநாளாவது பாராட்டுவாள் என்று அவர் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

தெருவைப் பார்த்த பக்கத்து அறைதான் அவருடைய பட்டறை. சந்தையில் பாதிக் கடைகளின் தராசு அங்கேதான் உயிர் பிழைக்கும். காய்கறிக் கடைத் தராசு, மருந்துக்கடைத் தராசு, நகைக்கடையிலிருந்து வரும் கண்ணாடிப் பெட்டித் தராசு, எல்லாம் அலமாரியில் வரிசையாக இருக்கும். சரிபார்த்து முடித்தால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்துக்குச் சந்தையில் ஒரு மதிப்பு உண்டு. பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் தம்முடைய தராசு இருநூறு கிராம் குறைத்துக் காட்டினால் தேவலை என்று ஜாடையாகச் சொன்னபோது, தராசையே கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு வந்துவிட்டவர் அவர்.

மூலையில் ஒரு பெரிய மேடைத் தராசு நின்றது. பார்சல் ஆபீஸ் வேண்டாமென்று தள்ளியதை இவர் எடுத்துவந்து சீர்செய்து தனக்கென்று வைத்துக்கொண்டது. நூற்று முப்பத்தொரு கிலோவில் தொடங்கி, கிலோ கிலோவாக இறங்கியதையெல்லாம் பார்த்த தராசு.

செருப்பைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மனைவியிடம் கொடுத்தார். ஏறி நின்றார். சிவப்பு எண்கள் தடுமாறி நின்றன.

74.2.

"பாரு" என்றார்.

அக்கா பார்த்தாள். சந்தோஷப்படவில்லை. கடையில் விலையைக் கேட்டுவிட்டுத் துணியைத் திரும்ப வைக்கிறவர்களுக்கு ஒரு முகம் வருமே, அந்த முகம் வந்தது.

"அப்படியே நிக்குதேடா. ஒரு கிலோ கூட ஏறலையா உனக்கு?"

"ஏற விடுவேனா?"

"அதானே" என்று அவள் பெருமூச்சு விட்டாள். "நீ விடமாட்டே."

என்ன இது, கெட்ட செய்தி கேட்ட மாதிரி ஆகிவிட்டாளே என்று அவர் யோசிப்பதற்குள், அக்கா பூட்ஸின் நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தாள். "இரு, நானும் ஏறிப் பார்க்கிறேன். வந்ததுக்கு என் துக்கத்தையும் பார்த்துட்டுப் போறேன்."

சாவி, துண்டு, சில்லறைப்பை எல்லாவற்றையும் ஜன்னலில் வைத்துவிட்டு ஏறினாள். மேடை ஒரு முறை முனகியது.

103.6.

"அண்ணி, குறைஞ்சிருக்கீங்களே" என்றாள் மனைவி, உண்மையான மகிழ்ச்சியோடு.

அக்கா எண்ணைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். மறுபடி எண்ணைப் பார்த்தாள்.

"நேத்து சாயந்திரம் ஆஸ்பத்திரியில நூத்துப் பன்னெண்டு. அங்கிருந்து நேரா வண்டிக்குப் போனேன். ஸ்டியரிங்கைச் சுத்தினா எட்டரைக் கிலோ குறையுமாடா? தெரிஞ்சிருந்தா கூடுதலா ரெண்டு டிரிப் அடிச்சிருப்பேனே."

"ஆஸ்பத்திரித் தராசு தப்பா இருக்கும்கா" என்றார் தராசுக்காரர் சட்டென்று. "அங்கே ஆயிரம் பேர் ஏறி இறங்குறாங்க. யார் ஒழுங்காப் பார்த்து வைக்கிறாங்க?"

"நீதான்."

"என்னது?"

"அதுல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு. பச்சை. போன மாசத் தேதி. கீழே ஒரு கையெழுத்து, கோழி கிளறின மாதிரி. நீ ரெண்டாங்கிளாஸ் படிக்கிறப்போ உன் வீட்டுப்பாடத்துக்கு நான் அடி வாங்கியிருக்கேன். அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

வெளியே வேன்காரர் ஒருமுறை ஹாரன் அடித்தார்.

அக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். "பத்தே நிமிஷம் தம்பி. ஆபரேஷன் விஷயம்."

"ஐயோ, யாருக்கும்மா?" என்று குரல் வந்தது.

"அதைத்தான் முடிவு பண்ணிக்கிட்டிருக்கோம்."

ஹாரன் அடங்கிவிட்டது.

"எடைக்கல்லை எடுங்க" என்றாள் மனைவி.

தராசுக்காரர் அசையவில்லை. ஒரு நொடியில் பல யோசனைகள் அவருக்குள் ஓடின. கல் துருப்பிடித்திருக்கும் என்று சொல்லலாம். தரை சாய்வாக இருக்கிறது என்று சொல்லலாம். அக்கா பஸ் ஓட்டுகிறவள், அவளுக்குத் தராசைப் பற்றி என்ன தெரியும்? எப்படியாவது இந்த ஏழரை மணியைத் தாண்டிவிட்டால் போதும். அவள் சரி என்று சொல்லிவிடுவாள், புதன்கிழமை போய்ப் படுத்துவிடுவாள், மூச்சு சீராகும், பஸ் அவளிடமே இருக்கும். இப்போது போய்த் தம்பிக்கே எடை திரும்பிவிட்டது என்று தெரிந்தால்? இரண்டு வருஷமாகத் தள்ளிப்போட ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தவளுக்குச் சாக்கைத் தட்டில் வைத்து நீட்டுவதுபோல ஆகாதா?

ஆனால் கல் வைத்துப் பார்க்காத தராசுக்கு அவர் இதுவரை நல்ல வார்த்தை சொன்னதில்லை. அது கையில் ஊறிப்போன பழக்கம். வாய் ஒரு பொய்யைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கை போய்த் துணிக் கையுறையை மாட்டிக்கொண்டது.

அலமாரியின் கீழ்த்தட்டில் இருபது கிலோக் கற்கள் நான்கு இருந்தன. வெறுங்கையால் தொட்டால் வியர்வை படியும் என்று துணி உறை மாட்டித்தான் தூக்குவார். ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தார். மேடையின் ஓரத்தில் இருந்த நீர்க்குமிழியைப் பார்த்தார். குமிழி நடுவட்டத்தில் ஆடாமல் நின்றது. தரை சாய்வு என்ற சாக்கும் போயிற்று. நான்கு மூலைக்கு நான்கு கல் வைத்தார்.

"எவ்வளவு காட்டணும்?" என்று கேட்டாள் அக்கா.

"எண்பது."

74.0 என்றது தராசு.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "சொல்லு."

"என்ன சொல்ல?"

"எப்படி இது குறைஞ்சது?"

தராசுக்காரர் உறையைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். "பத்து மாசத்துக்கு முன்னாடி ஒருநாள் ஏறி நின்னேன். எழுபத்து நாலு புள்ளி ஒன்பது காட்டுச்சு. எப்படிக் காட்டும்? நான் எழுபத்து நாலு புள்ளி ரெண்டு. அது எனக்கு நல்லாத் தெரியும். அப்ப தராசுதான் நகர்ந்திருக்குன்னு அர்த்தம். உள்ளே சின்னதா ஒரு திருகு இருக்கு. ஏறி நின்னுக்கிட்டே, குனிஞ்சு, எழுபத்து நாலு புள்ளி ரெண்டு வர்ற வரைக்கும் திருப்பினேன்."

"கல்லை வச்சுப் பார்க்கலையா?"

"எதுக்கு? எடை தெரிஞ்ச பொருளை வச்சுத்தானே தராசைச் சரி பண்ணணும். என் எடைதான் எனக்குத் தெரியுமே."

அக்கா கல்லையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உன்னையே கல்லா வச்சுத் தராசைச் சரி பண்ணியிருக்கே."

"அப்படித்தான் வருது."

"எத்தனை தடவை?"

"மாசத்துக்கு ஒரு தடவை நகரும். பழைய தராசு. நகரத்தான் செய்யும்னு நினைச்சேன்."

"தராசு நகரலைடா, நீ நகர்ந்திருக்கே." அக்காவின் வாயோரம் துடித்தது. சிரிப்பா கோபமா என்று சொல்ல முடியவில்லை. "சரி, தராசைத் திருகிட்டே. இடுப்பைத் திருக முடியாதே. பேன்ட் இறுகியிருக்குமே?"

"அதான் இறுகலை" என்றார் தராசுக்காரர், கடைசி ஆயுதத்தைக் கையில் எடுத்தவர்போல. "அதை வச்சுத்தான் முடிவே பண்ணினேன். இதோ பாரு, ஒரு விரல் போகுது. எடை ஏறியிருந்தா பேன்ட் காட்டிக் கொடுக்காதா? பேன்ட் சரியா இருக்கு, தராசு கூடக் காட்டுது. ரெண்டுல எது தப்பு, நீயே சொல்லு."

பதிலுக்கு மனைவியிடமிருந்து ஒரு சின்ன இருமல் வந்தது.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி பேனாவின் மூடியைத் திறந்து, மூடி, திறந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லை அண்ணி. துணி சுருங்கிடுச்சு."

"எந்தத் துணி?"

"இவர் பேன்ட் துணி. இஸ்திரி போடுறப்போ பார்ப்பேன். இடுப்புப் பட்டியில பட்டன் இழுத்துக்கிட்டு நிக்கும். தண்ணியில சுருங்கியிருக்குன்னு நினைச்சு, பின் தையலைப் பிரிச்சு, உள்ளே விட்டு வச்சிருந்த துணியில அரை இஞ்ச் விட்டுத் தைச்சேன்."

"ஒரு பேன்ட்டா?"

"நாலு பேன்ட்."

"ஒரு தடவையா?"

"மூணு தடவை."

"நாலு பேன்ட்டும், மூணு தடவையும், சொல்லி வச்ச மாதிரி ஒண்ணாச் சுருங்கிச்சாக்கும்."

"வேற எப்படி அண்ணி நினைக்கிறது?" என்று மனைவி குரலை உயர்த்தினாள். "தராசுதான் எழுபத்து நாலுன்னு காட்டுதே. ஊருக்கே தராசு சரி பண்றவர். அவர் வீட்டுத் தராசு தப்பாக் காட்டும்னு நான் கனவா கண்டேன்? எடை ஏறலை, பேன்ட் இறுகுது. அப்ப துணிதான் தப்பு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார் தராசுக்காரர்.

"நீங்க திருகைத் திருப்பினதை என்கிட்டச் சொன்னீங்களா?"

"அது தொழில் விஷயம்."

"இதுவும் தொழில் விஷயம்தான். அந்தத் துணிக்கடைக்காரர்கிட்டப் போய் நான் சண்டை வேற போட்டுட்டு வந்தேன், சுருங்காத துணின்னு சொல்லி ஏமாத்திட்டீங்கன்னு. பாவம், அந்த மனுஷர் ரெண்டு மீட்டர் சும்மா கொடுத்தார்."

அக்கா நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. சத்தம் வராமல் சிரித்தாள், பிறகு சத்தம் வந்தே சிரித்தாள், கழுத்தில் இல்லாத துண்டைத் தேடி, கடைசியில் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தாள். "இவன் திருகைத் திருப்புறான், இவ தையலைப் பிரிக்கிறா. இவனுக்கு இவ சாட்சி, இவளுக்கு இவன் சாட்சி. நடுவுல எடை மட்டும் யாரும் கேட்காம ஏறிக்கிட்டுக் கிடக்குது."

தராசுக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. கடிகாரம் ஏழு இருபத்தைந்து காட்டியது. திருப்புளியை எடுத்து, மேடையின் பக்கத்து மூடியைத் திறந்தார். திருகை மெதுவாகத் திருப்பினார். 74.0, 75.3, 77.8. எண்பதை நெருங்கும்போது அவர் கை தயங்கியது. பத்து மாதம் மாதமொன்றாகத் திருப்பியதை ஒரே மூச்சில் பின்னால் திருப்புவது, சாப்பிட்டதையெல்லாம் மறுபடி சாப்பிடுவதுபோல இருந்தது. 80.0. நிறுத்தினார். மூடியை மூடினார். கற்களை இறக்கினார். பச்சை ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து, இன்றைய தேதி போட்டு, கையெழுத்திட்டு, ஒட்டினார்.

பிறகு ஏறினார்.

80.2.

"ஆறு கிலோ" என்றார்.

"எங்கேயிருந்துடா வந்தது? இவ போன்ல சொல்றதைப் பார்த்தா நீ குருவி மாதிரித்தானே கொறிக்கிறே. சின்னத் தட்டு, முதல்ல முட்டை, அப்புறம் காய், இருபத்தஞ்சு மெல்லல், சாப்பாட்டோட தண்ணி கிடையாது. எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"வீட்ல எல்லாம் சரிதான்."

"அப்ப வெளியில?"

தராசுக்காரர் மேடையிலிருந்து இறங்காமலேயே பேசினார். இறங்கினால் சொல்ல வராது என்று தோன்றியது. "ஒரு நாளைக்குப் பத்துப் பதினோரு கடைக்குப் போறேன். எல்லாக் கடையிலேயும் டீ கொடுப்பாங்க. கூடவே பிஸ்கட். நான் கடிக்க மாட்டேன். டீயில நனைப்பேன்."

"நனைச்சு?"

"அது கரைஞ்சு போயிடும்கா. மெல்லவே வேண்டாம். வயிறு சத்தமே போடாது. ரொட்டியைக் கடிச்சா ரெண்டு துண்டுல போதும்னு அடிச்சு நிறுத்துற வயிறு, இதுக்கு மட்டும் வழி விடுது. மெல்லாதது எப்படிச் சாப்பாட்டுக் கணக்குல வரும்னு விட்டுட்டேன்."

"கடைக்கு எத்தனை பிஸ்கட்?"

"ரெண்டு. மருந்துக்கடையில மூணு. அவங்க ரொம்ப நல்லவங்க."

மனைவி விரல் மடக்கி எண்ண ஆரம்பித்து, இரண்டு கையும் தீர்ந்ததும் நிறுத்திவிட்டாள். "இருபது பிஸ்கட்டைக் குடிச்சிருக்கார் அண்ணி. ஒரு பாக்கெட்டு."

"டயட்டீஷியன்கிட்ட எப்போ கடைசியாப் போனே?" என்றாள் அக்கா.

"எட்டு மாசம் ஆச்சு."

"போன மாசம் அந்த ஆஸ்பத்திரியில தராசு பார்த்திருக்கியே. அடுத்த ரூம்லதானே அந்தம்மா உட்கார்ந்திருப்பாங்க?"

"அந்தத் தராசுல கல்லைத்தான் ஏத்தினேன். நான் ஏறலை."

"ஏன்?"

"அது சரியாக் காட்டும்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது. பத்து மாதமாகத் தனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்த விஷயம் ஒன்று, தன் வாயாலேயே வெளியே வந்து எதிரில் நிற்பதுபோல இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினார். அக்காவின் நாற்காலிக்கு எதிரில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார். கல்லில் உட்காரும் வழக்கம் அவருக்குக் கிடையாது. யாராவது உட்கார்ந்தால் திட்டுவார்.

"அக்கா, ஒண்ணு கேளு. என்னை வச்சு முடிவு பண்ணாதே. நான் சறுக்கினேன்னு நீ போகாம இருந்துடாதே. தப்பு ஆபரேஷன்ல இல்லை. என்கிட்ட. நான் இன்னைக்கே அந்தம்மாகிட்ட நேரம் வாங்குறேன். பிஸ்கட்டை நிறுத்துறேன். டீயை மட்டும் குடிக்கிறேன், சர்க்கரை இல்லாம. மூணு மாசத்துல மறுபடி எழுபத்து நாலுக்குக் கொண்டு வர்றேன். ஆனா உனக்கு மூணு மாசம் இல்லை. சிக்னல்ல தூங்கினே, சரி. ஓடுற வண்டியில தூங்கினா என்ன ஆகும்? நான் உன்கிட்ட மாசாமாசம் அந்த நம்பரைச் சொன்னதே உனக்குத் தைரியம் வரட்டும்னுதான். நம்பர் ஏறுச்சுன்னா நீ பின்வாங்கிடுவியோன்னு உள்ளுக்குள்ள ஒரு பயம். அந்தப் பயத்துலதான் திருகைப் பிடிச்சேனோ என்னமோ."

அக்கா பூட்ஸ் நாடாவைக் கட்ட ஆரம்பித்தாள். முதலில் இடது கால். மூச்சைப் பிடித்துக் குனிந்து கட்டிவிட்டு நிமிர்ந்தாள். ஓய்வெடுத்தாள். பிறகு வலது கால். மனைவி கீழே உட்கார்ந்து கட்டிவிடப் போனாள். அக்கா அவள் கையை மெல்லத் தள்ளிவிட்டாள்.

போன் அடித்தது.

ஏழரை. ஆஸ்பத்திரிப் பெண் நேரம் தவறாதவள். அக்கா போனை எடுத்து, சத்தமாகக் கேட்கும்படி பொத்தானை அழுத்தி, ஜன்னல் திட்டில் வைத்தாள். தராசுக்காரர் கல்லிலிருந்து எழுந்துவிட்டார். மனைவி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வணக்கம்மா. புதன்கிழமை விஷயமா பேசுறேன்" என்றது போன். பின்னால் தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது. "தம்பியை நேர்ல பார்த்துட்டுச் சொல்றேன்னு சொல்லியிருந்தீங்க. பார்த்துட்டீங்களா?"

"பார்த்துட்டேம்மா. எதிர்லதான் நிக்கிறான், திருடன் மாதிரி."

"எப்படி இருக்கார்? எடை அப்படியே இருக்கா?"

"இல்லம்மா. ஆறு கிலோ ஏறிட்டான்."

தராசுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்படியா" என்றது போன், கொஞ்சம் தயங்கி. "அது ரெண்டாவது வருஷத்துல நிறையப் பேருக்கு வர்றதுதாம்மா, அவரை ஒருதடவை வரச் சொல்லுங்க, பார்த்துக்கலாம். அப்ப உங்களுக்கு... வேண்டாம்னு எழுதிக்கட்டுமா?"

"யாரும்மா வேண்டாம்னு சொன்னது? வர்றேன்னு எழுதிக்கோ. அவனுக்கும் அன்னைக்கே ஒரு நேரம் போடு, கையைப் பிடிச்சு இழுத்துட்டு வர்றேன்."

"சரிம்மா. எழுதிட்டேன்." பேனா உரசும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண்ணுக்கு ஆவல் தாங்கவில்லை போலிருக்கிறது. "தப்பா நினைக்காதீங்க. இத்தனை நாளா அவர் எடை ஏறவே இல்லைன்னு சொன்னீங்க, அப்பல்லாம் தள்ளித் தள்ளிப் போட்டீங்க. இப்ப ஏறிடுச்சுன்னு சொல்லிட்டு, உடனே சரிங்கிறீங்களே?"

அக்கா ஜன்னல் திட்டிலிருந்த பஸ் சாவியை எடுத்துக்கொண்டு, தம்பியைப் பார்த்தபடியே போனுக்குப் பதில் சொன்னாள்.

"ஒரு கிராம் கூட ஏறாம நிக்கிறவனைப் பார்த்துத்தாம்மா இத்தனை நாளும் பயந்துக்கிட்டிருந்தேன், அவனை மாதிரி இருக்க என்னால ஆகாதுன்னு. பிஸ்கட்டை நனைச்சுத் தின்னுட்டு முழிக்கிறவன் மாதிரின்னா, அது என்னால முடியும்."